பதினொரு பேருக்கு ஒரு பொட்டு

வெர்னா கங்காஸ் எண்ணிச் சொன்னதைத் திருத்துவதற்கு இந்த மாவட்டத்தில் இன்னும் ஒரு பிள்ளை பிறக்கவில்லை. பெர்ச் ஏரிக்கு மேலே வாத்துக் கூட்டம் பறந்து போனால், கையிலிருக்கும் காபியைக் கீழே வைக்காமல் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நானூத்திப் பதினேழு, அதுல ஒண்ணு நொண்டி" என்பாள். பறக்கிற வாத்து நொண்டி என்று எப்படிக் கண்டாள் என்று கேட்காதீர்கள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். பறந்த வாத்து இல்லை, தண்ணீரில் மிதந்த வாத்து. நானூற்றுப் பதினேழு இல்லை, முப்பது. நொண்டியை நான்தான் சேர்த்தேன். ஆனால் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் அவள் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதியதில்லை என்பதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மாவட்ட சுகாதார அலுவலகத்தில் அவள் குமாஸ்தா. பிறப்பு, இறப்பு, கிணற்றுத் தண்ணீர் பாட்டில், பள்ளிக்கூடத்துப் பேன், நாய்க்கடி எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போகும். போன வருஷம் எத்தனை பேரை நாய் கடித்தது என்று கேட்டால் எண்ணிக்கை சொல்வாள், எந்த நாய் என்று சொல்வாள், அதில் எத்தனை பேர் கடிபட வேண்டியவர்கள்தான் என்பதையும் சொல்வாள்.

எண்ணுவதற்குப் பழக்கியவர் அவளுடைய அப்பா. மரம் வெட்டும் கூப்பில் அளவுக்காரர். லாரியில் ஏறும் ஒவ்வொரு கட்டைக்கும் ஆறு வயது வெர்னா பலகையில் ஒரு கோடு போட வேண்டும். தப்பினால் அடிக்க மாட்டார். அன்று முழுக்க அவளோடு பேச மாட்டார், அவ்வளவுதான். ஒருநாள் ஒரு கோடு குறைந்து, ஞாயிறு காலைவரை வீட்டில் அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் தப்பவே இல்லை.

எய்னோவை அவள் பிடித்ததும் அந்த மேசையில்தான். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற நெட்டையன் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நாய்க்கடி எழுத வந்தான். எந்த நாய் என்று கேட்டாள். "உன்னுதுதான்" என்றான். எங்கே வைத்துக் கடித்தது என்றாள். "உங்க வீட்டு வேலிக்கு உள்ள. அங்க நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு அந்தத் தாள்ல கேட்டிருக்கா?" என்றான். கேட்கவில்லை. அடுத்த ஜூனில் கல்யாணம். பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருடம் எய்னோ அந்த வண்டியை ஓட்டினான். இங்கிருந்து தெற்கே பெரிய ஊருக்குப் போகிற தொண்ணூற்றிரண்டு மைல் சாலை குளிர்காலத்தில் திறந்திருக்கிறது என்றால் அது அவன் தயவு.

அறுபத்து மூன்று வயதில் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் போயின. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இந்த மாவட்டத்தில் கிடையாது. அதே தொண்ணூற்றிரண்டு மைல் போக வேண்டும், திங்கள், புதன், வெள்ளி. அதற்கென்று சுகாதார அலுவலகத்தின் வெள்ளை வேன் ஒன்று காலை ஆறு மணிக்குத் தேவாலய வாசலிலிருந்து கிளம்பும். ரூடி ஓட்டுவான். பதினொரு பேர் போவார்கள். போகும்போது சீட்டாடுவார்கள், வரும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள்.

எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தனக்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் வற்புறுத்தினால்தான் கை நீளும். தேவாலயத்துக் காபிக்கு ஏலக்காய் ரொட்டி வைத்தால் கடைசித் துண்டை யாரும் தொடுவதில்லை. ஒருத்தி வந்து அதைப் பாதியாக வெட்டி எடுப்பாள், அடுத்தவள் மீதியில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கடைசியில் தட்டில் மிஞ்சியதைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம். அதையும் எடுக்காமல் துணி போட்டு மூடிவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கர்வம் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கிரெக் வெஸ்ட்ரேட் சுகாதார அதிகாரியாக வந்து சேர்ந்தான். மாநிலத்தின் தென்பகுதிப் பையன், முப்பத்து நாலு வயது, பல் முழுக்கச் சிரிப்பு. மாவட்டத்தில் எந்தப் பிரச்சினைக்கு முதலிடம் என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை தீர்மானித்து மேலே அனுப்ப வேண்டும். முதல் மூன்று இடத்துக்கு வருவதற்குத்தான் ஆளும் வண்டியும் கிடைக்கும். மற்றதெல்லாம் அடுத்த மூன்று வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். பழைய டாக்டர் இருந்தவரை அவர் மீன் பிடித்துக்கொண்டே தனியாக முடிவு செய்துவிடுவார். கிரெக்குக்கு அது பிடிக்கவில்லை. மக்கள் தீர்மானிக்க வேண்டும் என்றான்.

அவனுடைய முறை இது. பன்னிரண்டு பிரச்சினைகளைப் பன்னிரண்டு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும், எத்தனை பேருக்கு அந்தப் பிரச்சினை என்ற எண்ணோடு. வருகிற ஒவ்வொருவர் கையிலும் மூன்று பச்சைப் பொட்டு. நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். எது முக்கியமோ அந்தத் தாளில் ஒட்ட வேண்டும். வெர்னா எண்ணுவாள்.

எண்களைத் தட்டச்சு செய்ததும் அவள்தான். குழந்தைகளின் சொத்தைப் பல், அறுநூற்று நாற்பது பேர். குடி, எண்ணூறு பேர், அது வெளியே சொன்னவர்கள் மட்டும். தூர சிகிச்சைக்குப் போக வேன், பதினொரு பேர். ஏரி அரிப்பு, ஆயிரத்து நானூறு பேர்.

ஏரி அரிப்பு என்பது ஒன்றுமில்லை. வாத்து எச்சத்தில் ஒரு பூச்சி, அது நத்தைக்குள் போய், நத்தையிலிருந்து குளிக்கிறவர்கள் தோலுக்கு வரும். நாலு நாள் சொறிந்தால் போய்விடும். ஆனால் கோடைக்கு வருகிற பணக்காரர்கள் சொறிந்துகொண்டே ஊர் திரும்பினால் அடுத்த வருடம் வேறு ஏரிக்குப் போய்விடுவார்கள் என்று டார்லீன் சூப்பினனுக்குப் பயம். வாத்துகளைப் பிடித்து வேறெங்காவது கொண்டுபோய் விட வேண்டும் என்பாள். ஏரிக்கரையில் அவளுக்குப் பதினெட்டு வாடகைக் குடில். வெர்னாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். நினைத்ததை நினைத்த இடத்தில் சொல்லிவிடுவாள், அதனால் அவளை வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் கிரெக் வெர்னாவின் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். விதித்தாளில் கடைசியாக ஒன்று சேர்க்கச் சொன்னான். ஏதாவது தாளில் ஒரு பொட்டுகூட விழவில்லை என்றால் மக்களுக்கு அது புரியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிரச்சினையை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டு மறுபடி ஆளுக்கொரு பொட்டு கொடுக்க வேண்டும். வெர்னா அதைத் தட்டினாள்.

"அந்த வேன் தாள் எனக்குக் கவலையா இருக்கு வெர்னா. பதினொரு பேர்தானே" என்றான் அவன். "ஆனா பூஜ்யம் வந்தா பயப்படாதீங்க. உங்களையே முன்னாடி கூப்பிடறேன். எய்னோ பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க. அவரையும் பக்கத்துல நிறுத்திக்குங்க, இயந்திரத்துக்கு ஊசி குத்தற அந்தக் கைத்தழும்பைக் காட்டட்டும். கூட்டம் கரைஞ்சிடும்."

அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். வெர்னா காதுவரை சிவந்து, தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தபடி சரி என்றாள்.

அன்று சாயங்காலம் எய்னோ தாள்களைப் புரட்டிப் பார்த்தான்.

"பதினொண்ணுல நான் எத்தனாவது?"

"பேர் வரிசையில அஞ்சாவது."

"சாகற வரிசையில?"

"அதுக்குத் தாள் போடலை."

"நாளைக்கு உன் மூணு பொட்டையும் எனக்குத்தானே?"

"எண்ணுறவங்க ஒட்டக் கூடாது."

"எவன் போட்ட சட்டம் அது?"

"நான் போட்டேன்."

எய்னோ இருமல் வரும்வரை சிரித்தான். உன்னைக் கட்டிக்கொண்டதற்கு அந்த நாயையே கட்டியிருக்கலாம், அதற்காவது என் மேல் ஒரு பிடிப்பு இருந்தது என்றான். பிறகு அவளுக்கு ஒரு ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவிக் கொடுத்தான்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை மதியம், தேவாலயத்து அடித்தளத்தில் கூட்டம். அறுபத்திரண்டு பேர். டார்லீன் தன் குடில் வேலைக்காரிகள், படகுக் கடைக்காரன், தூண்டில் புழு விற்கிறவன், மைத்துனர்கள் என்று ஒரு படையைத் திரட்டிக்கொண்டு வந்தாள். ஆறு ஏலக்காய் ரொட்டியும் அவள் கொண்டுவந்ததுதான். வேனில் போகிற பதினொரு பேரில் ஒன்பது குடும்பம் வந்திருந்தது, இருபது தலை. கிரெக் விதித்தாளை முழுக்க வாசித்தான். எல்லோரும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பொட்டு ஒட்டினார்கள். வெர்னா கதவருகே நின்று, மிஞ்சிய பொட்டு அட்டையைக் கம்பளிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹில்மா ராண்டாவின் புருஷன் நாலு வருடமாக அந்த வேனில் போகிறவன். ஹில்மா வேன் தாளுக்கு முன்னால் நின்றாள். பின்னால் யாரோ வருவது தெரிந்ததும், ஏதோ தப்பான கதவைத் திறந்துவிட்டவள் மாதிரி விலகிப் போய்ப் பல் தாளில் இரண்டு ஒட்டினாள். மூன்றாவதை ஏரி அரிப்பில் ஒட்டினாள். டார்லீன் வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டு அவளுக்கு ஒரு பொட்டுகூட வைக்காமல் போவது எப்படி? மற்ற எட்டுக் குடும்பமும் இதே மாதிரிதான். தன் வீட்டு நோய்க்குத் தானே பொட்டு வைப்பதா, அக்கம்பக்கத்தார் வைக்க மாட்டார்களா என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அக்கம்பக்கத்தார் வேறு மாதிரி நினைத்தார்கள். வேன்காரர்கள் இருபது பேர் வந்திருக்கிறார்கள், அறுபது பொட்டு அவர்களே வைத்துக்கொள்வார்கள், நம்முடையது எதற்கு வீணாக?

எய்னோ கடைசியாக வந்தான். வேன் தாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏரி அரிப்பில் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, சட்டைப் பொத்தான் மாதிரி ஒட்டினான். வெர்னாவைத் தாண்டும்போது, "அந்த கிரெக் பையன் வாத்து பிடிக்கறதைப் பாக்கணும்னு ஆசை" என்றான். "என் கிட்னிக்கு நானே ஒட்டுனா நல்லாவா இருக்கும்? நீ ஒட்டலைல்ல."

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வெர்னா ஒவ்வொரு தாளாக எண்ணி அட்டையில் எழுதினாள். வேன் தாள் கோடியில், துணி மாட்டும் ஆணிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு முன்னால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். பிறகு அட்டையைக் கொண்டுவந்து கிரெக்கிடம் கொடுத்தாள்.

ஏரி அரிப்பு அறுபத்தொன்று. பல் நாற்பத்து நான்கு. குடி முப்பத்தெட்டு. அப்படியே கிரெக் வாசித்துக்கொண்டு போனான். கடைசியில், "தூர சிகிச்சை வேன், ஒண்ணு" என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி. பூஜ்யம் என்றால் எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பித்திருக்க வேண்டும், நாலரை மணிக்கு அவனுக்குத் தொலைபேசியில் வேறு கூட்டம். ஒன்று இருப்பதால் மக்களுக்குப் புரிந்திருக்கிறது, புரிந்துதான் வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்று சொல்லி எல்லோருக்கும் நன்றி தெரிவித்தான்.

இருபது பேரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்றை ஒட்டியது யார் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

பின்வரிசையிலிருந்து எய்னோ சொன்னான்: "பதினோரு பேருக்கு ஒண்ணா? யாராவது கத்தி கொண்டாங்க. ரொட்டி மாதிரி பாதி பாதியா வெட்டிக்கலாம்."

கூட்டம் சிரித்தது. யாராவது எதையாவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த சிரிப்பு அது. டார்லீன் மட்டும் சிரிக்கவில்லை. கதவருகே வெர்னாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நான் என் வீட்டுக்குக் கேட்டேன், கெடச்சுது. உங்க ஆளுங்க இருபது பேரு, வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? என்னைத் திட்டாதே வெர்னா. வீட்டுக்குப் போய் கண்ணாடியைத் திட்டு."

வெர்னா சுவரிலிருந்து தாள்களைக் கிழித்துச் சுருட்டினாள்.

ஜூன் கடைசியில் வேன் நின்றது. நிற்கவில்லை, வேறு வேலைக்குப் போனது. வாத்துகளைக் குஞ்சோடு வலையில் பிடித்து, திரும்பிப் பறந்து வர முடியாத தூரத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று திட்டம். அந்தத் தூரம் எதுவென்று பார்த்தால், தெற்கே அதே பெரிய ஊருக்குப் பக்கத்தில் ஒரு குளம். அதே வேன், அதே ரூடி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கூண்டு. திங்கள், புதன், வெள்ளி. ரூடிக்கு அந்தக் கிழமைகள்தான் பழக்கம்.

எய்னோ ஒருநாள் தேவாலய வாசலில் வேனை மறித்தான். "ரூடி, நானும் அதே ஊருக்குத்தான். ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். நாலு வாத்தை மடியில வேணாலும் வச்சுக்கறேன்."

ரூடி அலுவலகத்தில் கேட்டான். மிருகத்தோடு மனிதரை ஏற்றினால் காப்பீடு செல்லாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவள் வெர்னா. எய்னோ அதைச் சமையலறைச் சுவரில் மாட்டிவைத்தான், காப்பீடு யாருடைய பாதுகாப்புக்கு என்று கேட்கச் சொன்னான், வாத்துடையதா தன்னுடையதா என்று. அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வெர்னாவே அவனை ஓட்டிக்கொண்டு போனாள். பதினாறு வருடத்துப் பழைய கார், போக இரண்டு மணி நேரம், இயந்திரத்தோடு நாலு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம். பதினொரு பேரில் மூன்று பேர் பெரிய ஊரில் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி மகள் வீட்டுக்குப் போனாள். ஹில்மாவின் புருஷன் யாரையும் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. போவதை நிறுத்திவிட்டு அக்டோபரில் செத்துப்போனான். அவனுடைய இறப்புச் சான்றிதழில் பிழை ஒன்றும் இல்லை, வெர்னா இரண்டு தரம் பார்த்தாள்.

ஜனவரியில் கிரெக் வருடாந்தர அறிக்கைக்கு எண்களைப் புதுப்பிக்கச் சொன்னான். வெர்னா பதினொன்றை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினாள்.

அவன் எட்டிப் பார்த்தான். "அட, குறைஞ்சிருக்கே. நல்ல முன்னேற்றம்தான்."

பிறகு அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். காதைச் சொறிந்துகொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அறிக்கையில் அந்த வரி அப்படியே போயிற்று.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பனிப்புயல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை கார் வீட்டு வாசலையே தாண்டவில்லை. சனியும் ஞாயிறும் பனி வீட்டின் ஒரு பக்கத்தை ஜன்னல்வரை மூடிவிட்டது. எய்னோ பனி தள்ளும் வண்டிக்காரப் பையனைத் திட்டிக்கொண்டே இருந்தான். தான் ஓட்டியிருந்தால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தெற்குச் சாலை திறந்திருக்கும் என்றான். ஒரு வாழைப்பழம் கேட்டான். சிறுநீரகம் போனவர்களுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பழம் அது, அவளும் கொடுக்கவில்லை. அவன் கேட்ட கடைசிப் பொருள் அதுவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தனக்கென்று அவன் ஏதாவது கேட்டதே அபூர்வம்.

திங்கள் காலை ஆறு மணிக்கே காலணியும் கோட்டும் மாட்டிக்கொண்டு ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வண்டியின் மஞ்சள் விளக்கு வந்தவுடன் பின்னாலேயே போய்விடலாம் என்று திட்டம். பத்து மணிக்கு நெஞ்சில் ஒரு மாதிரி இருக்கிறது என்றான். பத்தேகாலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் விளக்கு பதினொன்றரைக்கு வந்தது. அந்தப் பையன் இறங்கி வந்து, கோட்டும் காலணியுமாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "சாரி எய்னோ, லேட்டாயிடுச்சு" என்றான். வெர்னாதான் அவனுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

அறிக்கை மேலே போய்விட்டதால் ஆறை ஐந்தாகத் திருத்த முடியவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு அதே அடித்தளத்தில் காபி. சுவரில் ஒட்டுநாடா உரிந்த அடையாளம் இன்னும் இருந்தது. வெர்னா கருப்பு உடையில் காபிக் கூஜாவோடு நின்றாள். தன் புருஷன் சாவுக்கு வந்தவர்களுக்கும் தானே ஊற்றினால்தான் அவளுக்குச் சரிப்படும். ஹில்மா முதலில் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு காதருகே சொன்னாள்: "அந்த ஒரு பொட்டு, வெர்னா. அது நான் வச்சது. சொல்லணும்னு தோணுச்சு."

வெர்னா நன்றி சொன்னாள்.

அடுத்து படகுக் கடைக்காரன் வந்து, யாருக்கும் சொல்ல வேண்டாம், அந்த ஒன்று என்னுடையது என்றான். அவனுக்கும் நன்றி. பிறகு பாதிரியாரின் மனைவி. பிறகு ரூடி, கண்கலங்க. ரூடி கூட்டத்துக்கே வந்திருக்கவில்லை. மதியத்துக்குள் பதினாலு பேர் அந்த ஒரே பொட்டை வைத்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பதினாலு பேரில் நானும் ஒருத்தி, மறைப்பானேன்? துக்க வீட்டில் வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. ஒவ்வொருவரையும் நேராகப் பார்த்து, ஒரே அளவு குரலில், வெர்னா நன்றி சொன்னாள்.

டார்லீன் கடைசியில் வந்தாள். "நான் வைக்கலை. என் மூணும் அரிப்புக்குத்தான். பொய் சொல்லி உன் காபியைக் குடிக்க மாட்டேன்" என்றாள்.

அவளுக்கு மட்டும் வெர்னா இரண்டாவது கோப்பை ஊற்றினாள். தட்டிலிருந்த கடைசி ரொட்டித் துண்டையும் முழுசாக, வெட்டாமல் எடுத்து அவள் கையில் வைத்தாள். டார்லீன் வேண்டாம் என்று ஒரு தரம்கூடச் சொல்லாமல் தின்றாள்.

மே மாதம் வாத்துகள் திரும்பி வந்தன. போனதைவிட அதிகமாக வந்தன என்று ரூடி சத்தியம் செய்கிறான். கிரெக் அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் பதவி உயர்வில் போய்விட்டான்.

இதை எழுதி முடித்து, செவ்வாய்க்கிழமை ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். வெர்னாவும் இருந்தாள். எய்னோவின் சட்டைகளை வெட்டித்தான் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். படித்து முடிக்கும்வரை ஊசி நிற்கவில்லை. ஹில்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு எல்லோரும் வெர்னாவைப் பார்த்தார்கள்.

"வாத்து முப்பது இல்லை, முப்பத்தொண்ணு" என்றாள் வெர்னா.

ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

"அப்புறம் அந்த முதல் பாராவுல, ஒரு எண்ணைக்கூடத் தப்பா எழுதினதில்லைன்னு இருக்கே. அதை அடிச்சிடு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வேன் தாளை நான் சரியாத்தான் எண்ணினேன். பூஜ்யம். அந்த ஒண்ணு என் சட்டைப் பையில மிஞ்சியிருந்த பொட்டு அட்டையிலேர்ந்து நான் ஒட்டினது. பூஜ்யம்னா அந்த கிரெக் பையன் எங்க ரெண்டு பேரையும் முன்னாடி கூப்பிட்டிருப்பான்."